ஏக்கர்க் கூலி, மணிக் கூலி

முந்தின மாரிக்கு மணிக்கூலி பேசினேன்.
வெட்டுமெசின் நின்று நின்று
யோசித்து யோசித்து நடந்தது.
ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் இறங்கி
கத்தியைத் தடவிப் பார்த்தார்.
நாலு ஏக்கருக்கு ஒன்பது மணித்தியாலம்.
நெல் ஒன்றும் கீழே விழவில்லை,
விழுந்ததெல்லாம் காசு.

போன மாரிக்கு ஏக்கர்க்கூலி.
மெசினுக்குக் கால் முளைத்தது.
வெல்லாவெளி வட்டை முழுக்க அதன் தூசு.
பின்வாயால் வைக்கலோடு நெல்லும் பறந்தது
கல்யாண வீட்டில் அறுகரிசி போடுகிற மாதிரி.

இதைப் பார்க்கத்தான் சிந்தாத்துரையை
முல்லைக்காரனாக வைத்தது.
அவருக்கு மெசின் புரோக்கர்
ஏக்கருக்கு இருநூறு கொடுக்கிறான் என்று
அவரைப் பார்க்க வைத்த என் மருமகன் சொன்னான்.
சொன்னது, வெட்டு முடிந்து மூன்றாம் நாள்.
மருமகனுக்கு ஆர் என்ன கொடுத்தார்கள் என்று
பார்க்க எனக்கு ஆள் இல்லை.

ஆகவே இந்த மாரி நானே போனேன்.
பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் லீவு.
குருமண்வெளியில் ஸ்கூட்டியோடு பாதை ஏறி
ஆற்றைக் கடந்து மண்டூரில் இறங்கி
படுவான்கரை வெயிலுக்கு
ஒரு குடையைக் காட்டிக்கொண்டு
வரம்பில் நின்றேன்.
சிந்தாத்துரை இளநீர் வெட்டிக்கொண்டு வந்தார்.
இருநூறைப் பற்றி நான் கேட்கவில்லை.
"மருமகன் சுகமா?" என்று அவர் கேட்டார்.

"மெதுவா ஓட்டுங்க தம்பி."
டிலக்சன் எஞ்சினை நிறுத்தாமலே குனிந்தான்:
"மெதுவாப் போனா மொதலாளி டீசலக் கேப்பாரு.
கெதியாப் போனா நீங்க நெல்லக் கேப்பீங்க.
எனக்குச் சம்பளம் ஏக்கருக்குத்தான் அக்கா.
ஆருக்கு ஓட்டுற நான்? நீங்களே சொல்லுங்க."

சொல்ல வாய் திறந்தேன்.
சுணை புகுந்தது.

மத்தியானம் தெற்கு மூலையில்
ஒரு பாய் அகலத்துக்கு வெட்டுப்படாத கதிர்.
பக்கத்தில் சுளகோடு நாலு பெண்கள்.
டிலக்சன் கையில்
அவர்கள் கொடுத்த நெக்டோ போத்தல்.
"மெசினுக்கு மூலை தெரியாது கா" என்றாள் யோகமலர்,
சிரிக்காமல், கதிரை உருவிக்கொண்டே.
இந்த வட்டையில் இன்றைக்கு
தனக்கே வேலை செய்தவர்கள் அவர்கள்தான்.
அவர்கள் போன பிறகு போய்ப் பார்த்தேன்.
அந்த மூலையில்
ஒரு மணி கிடக்கவில்லை.

பொழுதுபட எண்பத்தேழு மூடை.
நான் இரண்டு தரம் எண்ணினேன்.
சிந்தாத்துரை ஒரு தரம், என்னை விட உரத்து.
அவருடைய ஆறு போக எண்பத்தொன்று.

வயல் என்னுடையதில்லை.
இதை நான் முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும்.
குணேந்திரன் அண்ணன்
சூரிச்சில் பனி வழித்து வாங்கியது.

பாதை நடு ஆற்றுக்கு வந்தபோது போன் துடித்தது.
"எத்தின மூடை மிஞ்சின புள்ள?"

இரண்டு நாள் லீவு. ஸ்கூட்டிக்குப் பெற்றோல்.
பின்னேரம் தொடங்கின தலையிடி.
கழுத்துக்குள் இன்னும் கடிக்கிற சுணை.
இதற்கெல்லாம் அண்ணன் விலை பேசவில்லை.
நானும் கேட்கவில்லை.
கூடப்பிறந்ததுகளுக்குள்
கூலி பேசினால் ஊர் சிரிக்கும்.

எழுபத்தெட்டு என்று அடித்தேன்.
அனுப்புகிற இடத்தில் பெருவிரல்
கொஞ்சநேரம் நின்றது,
எஞ்சினை நிறுத்தாமலே.

"உன்ன விட்டா எனக்கு ஆரு."
கீழே ஒரு சிவப்பு இதயம்.
மறுகா இன்னொன்று:
"வெயிலுக்க தனியக் கஷ்டப்படுறாய்.
அடுத்த மாரிக்கு உனக்குத் துணையா
பாக்கிறத்துக்கு ஒராளப் போடட்டா?"

ஆறு கறுத்துக் கிடந்தது.
குருமண்வெளி வெளிச்சம் கிட்ட வந்தது.

அந்த மூன்று மூடையும்
சிந்தாத்துரை வீட்டு மாலுக்குள் இருக்கின்றன.
மூன்றுதான் எண்ணிக் கொடுத்தேன்.
இன்னும் மூன்றாக இருக்கிறதா என்று
போய்த்தான் பார்க்கவேண்டும்.